ஊறுகாய் பாட்டிலில் முப்பத்தொரு நிப்பிள்

1. மூன்று முறை தட்டியும் வெடிக்காத துப்பாக்கி

எலெக்‌ஷன் முடிந்து போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்த துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்த பத்தாம் நாள், ஆலங்காயம் பக்கத்திலிருந்து மாணிக்கம் என் கடைக்கு வந்தார். நிலக்கடலை போடுகிறவர், நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு முகம் சரியில்லை. கோணிப்பையில் சுற்றிய துப்பாக்கியை மேஜைமேல் வைத்தபோதே டீ கிளாஸ் குலுங்கியது.

"இன்னா பாய், நீ போட்டுக் குடுத்த சாமான் இது. மூணு வாட்டி தட்டிட்டேன். கேப் மட்டும் பொட்டுனு வெடிக்குது, மருந்து பத்த மாட்டேங்குது. பன்னி நின்னு பாத்துட்டுப் போவுது" என்றார்.

நான் வேலூரில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அதற்கு முன்னால் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். இரும்பு தெரியும் என்பதால் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சுற்று வட்டாரத்தில் என்னைத் துப்பாக்கி பாய் என்பார்கள். முக்கால்வாசி வேலை பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிகளின் ஒற்றைக் குழல் துப்பாக்கிதான். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய வகை. குண்டு போடாமல் வெறும் மருந்தை வெடித்துச் சத்தத்தால் பன்றியை விரட்டுவார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சாமான் நிப்பிள். பேரலின் அடியில் திருகியிருக்கும், சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். நடுவில் ஊசித்துளை. அதன் தலையில் கேப்பை, அடித்தால் பொறி விடும் சின்னச் செம்புத் தொப்பியை, வைப்பார்கள். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தியல் வந்து கேப்பை அடிக்கும், பொறி அந்தத் துளை வழியாக இறங்கி மருந்தைப் பற்ற வைக்கும். மிஸ்ஃபயர் என்று வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துளையில்தான் வியாதி. கரி அடைத்திருக்கும், இல்லையென்றால் யாராவது அன்பு மிகுதியில் எண்ணெயைக் கொட்டியிருப்பார்கள்.

நான் முதலில் மாணிக்கத்தின் கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டேன். என் கையில் வரும் ஒவ்வொரு கம்பியிலும் அரத்தால் ஒரு கோடு போட்டுவிடுவேன். குழல் காலியாக இருந்தால் அந்தக் கோடு வாயோடு வாயாக நிற்கும். அன்றைக்குக் கோடு நான்கு விரல் வெளியே நின்றது. மனிதர் மருந்து போட்ட துப்பாக்கியை அப்படியே சுற்றிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்து வேலூர்வரை வந்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

குழலில் தண்ணீர் விட்டு மருந்தை ஊறவைத்து வெளியே எடுத்த பிறகுதான் நிப்பிளில் திருகுச் சாவியைப் போட்டேன். சாவிக்கு வேலையே இல்லை. விரலாலேயே வந்துவிட்டது. அதன் திருகு மரையில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. பைப் வேலைக்காரர்கள் தண்ணீர் ஒழுகாமல் இருக்கக் குழாயில் சுற்றுவார்களே, அந்த டேப். முகர்ந்து பார்த்தேன். மாங்காய் ஊறுகாய் வாசனை.

அது நான் செய்த நிப்பிள் இல்லை. மாணிக்கத்தின் துப்பாக்கிக்கு உரியதும் இல்லை. இந்தப் பழைய துப்பாக்கிகள் ஒவ்வொன்றிலும் மரை கையால் வெட்டியது, ஒன்றின் நிப்பிள் இன்னொன்றில் சேராது. ஓட்டை பெரியது, நிப்பிள் சிறியது, நடுவில் இருந்த இடைவெளியை டேப்பை வைத்து நிரப்பியிருந்தார்கள். மருந்து பற்றியிருந்தால் அந்த நிப்பிள் பின்னால் பாய்ந்து மாணிக்கத்தின் முகத்தில் இறங்கியிருக்கும். துளையை ஊறுகாய் எண்ணெய் அடைத்திருந்ததால்தான் மனிதர் முழு முகத்தோடு என் முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

2. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'

எலெக்‌ஷன் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். எல்லா எலெக்‌ஷனுக்கும் நடப்பதுதான். மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம், அங்கே முப்பத்தொரு துப்பாக்கி சேர்ந்திருக்கிறது. எலெக்‌ஷனுக்காக வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த எஸ்.ஐ. ஒருவர், நிப்பிளைக் கழற்றிவிட்டால் யாரும் திருடிக்கொண்டு போனாலும் வெடிக்காது என்று யோசித்திருக்கிறார். யோசனை தப்பில்லை. ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, மேலே துப்பாக்கி நம்பரை எழுதியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

கவர் வாங்க யாருக்கு நேரம்? காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது. அதைக் கழுவக்கூட இல்லை. முப்பத்தொன்றையும் அதில் போட்டு மூடிவிட்டார்கள். உப்பும் எண்ணெயும் சேர்ந்து மூன்று மாதம் இரும்பை ஊறவைத்தது. திருப்பிக் கொடுக்கும் நாளில் பம்ப்செட் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுப் பாட்டிலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எது எதற்கு என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார், பொருந்துகிறதைப் போடு என்று பதில் வந்திருக்கிறது. இதையெல்லாம் அன்று வரிசையில் நின்ற மாணிக்கமே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருக்கிறார். போலீஸ் கொடுத்ததில் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு நிப்பிள் செய்தாலும் அதே கையோடு ஜோடியாக இரண்டு செய்வேன். ஒன்று துப்பாக்கிக்கு, இன்னொன்று என் டிராயரில், பேரெழுதிய சின்ன டப்பாவில். இதற்காகக் கடைத்தெருவில் என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. மாணிக்கத்தின் டப்பாவிலிருந்து எடுத்த நிப்பிள் அவர் துப்பாக்கியில் விரலாலேயே கடைசி மரைவரை இறங்கியது. அவரை அனுப்பிவிட்டு டிராயரை வெளியே இழுத்துப் பார்த்தேன். அந்த ஸ்டேஷன் எல்லையில் என் வாடிக்கையாளர்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். எடுக்காதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: கேப் வைக்காதே, துப்பாக்கியைத் தொடாதே, கடைக்குக் கொண்டு வா. அவர்கள் மூலமாக இன்னும் எட்டுப் பேரைப் பிடித்தேன். வந்த இருபத்தேழில் பதினாறு துப்பாக்கியில் நிப்பிள் மாறியிருந்தது.

மிச்சம் நான்கு பேர். அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த இடம் ஸ்டேஷன் ரெஜிஸ்டர் ஒன்றுதான்.

போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் என்னை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு கூப்பிட்டார். அந்த எஸ்.ஐ. எலெக்‌ஷன் முடிந்ததும் சொந்த மாவட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார் என்றார். நான் வெள்ளை டேப் சுற்றிய நிப்பிளை மேஜைமேல் வைத்து, நான்கு பேரின் பெயரும் போன் நம்பரும் போதும், நானே என் செலவில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"எல்லாரும் கையெழுத்து போட்டு வாங்கினு போய்ட்டாங்க பாய். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு எழுதியிருக்கு பாருங்க. இப்ப போன் பண்ணி திருப்பிக் கொண்டான்னு சொன்னா, நாங்க தப்பு பண்ணோம்னு ஆவுது இல்ல?"

"கண்ணு போச்சுன்னா இன்னா சார் ஆவுது?"

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன், அது பீரோவில் இருக்கிறது என்றார். மறுநாள் போனேன், அதற்கும் மறுநாள் போனேன். மேலே போயிருக்கிறது என்றார்கள். எத்தனை மாடி இருக்கிறது அந்த ஸ்டேஷனுக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ரெஜிஸ்டர் அவர் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. நான்கு பெயரைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

3. வேப்பமரத்தில் பதிந்தது

நான் மனு கொடுத்த எட்டாம் நாள், அந்த நான்கு பேரில் ஒருவன் துப்பாக்கியை வெடித்தான். பெயர் ராஜவேலு. முப்பத்து நான்கு வயது. அப்பாவிடமிருந்து வந்த துப்பாக்கி, எந்தக் கடையையும் பார்த்ததில்லை, அதனால்தான் எனக்கும் அவனைத் தெரியாது. விடிந்ததும் கடலைக் கொல்லையில் பன்றிக் கூட்டம் நின்றிருக்கிறது. மருந்தைப் போட்டுக் கெட்டித்து, கேப் வைத்து வெடித்திருக்கிறான். நிப்பிள் பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்து, வலது புருவ எலும்பை உரசிப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் போய்ப் பதிந்துவிட்டது. அதன் பின்னாலேயே வந்த நெருப்பும் புகையும் கண்ணைக் கொண்டுபோய்விட்டன.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டோடு படுத்திருந்தான். பக்கத்தில் அவன் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று மரை நன்றாகப் பிடித்திருந்தால்கூட அவன் கண் இருந்திருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மரத்திலிருந்து எடுத்த நிப்பிளை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பார்த்ததும் என் கைவேலை எனக்குத் தெரிந்தது. நிப்பிளின் தோள் வளைவை நான் எப்போதும் கொஞ்சம் சாய்த்துத்தான் கடைவேன். ஒளிக்காமல் சொன்னேன், இது என் கடையில் செய்தது என்று.

ரைட்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த வாரம் எனக்கு வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. விபத்துக்குக் காரணமான தரமற்ற உதிரி பாகம் என்னால் செய்யப்பட்டது என்று நானே ஒப்புக்கொண்டிருப்பதால், என் ரிப்பேர் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான் கொடுத்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஊறுகாய் பாட்டிலைப் பற்றியும் கிடையாது.

4. மேஜைமேல் இரண்டு துப்பாக்கி

விசாரணைக்கு நான் மாணிக்கத்தைத் துப்பாக்கியோடு வரச் சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து ராஜவேலுவின் துப்பாக்கியும், வெடித்துப் போன நிப்பிளும் வந்திருந்தன. ராஜவேலுவும் வந்திருந்தான், கண்ணில் இன்னும் பஞ்சு இருந்தது. ஆர்.டி.ஓ. ஒரு பெண் அதிகாரி. அதிகம் பேசாதவர். ரைட்டர் தன் பக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு இரண்டு துப்பாக்கியையும் மேஜைமேல் வைத்தேன். இரண்டும் காலி என்று கம்பியை விட்டுக் காட்டினேன். அப்புறம் ராஜவேலுவின் கண்ணைப் பறித்த நிப்பிளை எடுத்து அவன் துப்பாக்கியிலேயே திருகினேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. மாணிக்கத்தின் துப்பாக்கியில் இருந்ததைக் கழற்றிவிட்டு அதே நிப்பிளை அதில் திருகினேன். நசுங்கிய முதல் மரையில் கொஞ்சம் முனகியது, பிறகு அடிவரை போய் உட்கார்ந்தது. நான் டிராயரிலிருந்து எடுத்துப் போட்டிருந்த அதன் ஜோடியை மறுபடி போட்டுக் காட்டினேன், அதுவும் உட்கார்ந்தது.

கடைசியில் மாணிக்கத்தின் துப்பாக்கியில் அன்றைக்கு இருந்த ஊறுகாய் வாசனை நிப்பிளை எடுத்தேன். டேப்பைப் பிரித்துவிட்டு ராஜவேலுவின் துப்பாக்கியில் வைத்தேன். வாயில் சிதைந்த மரையைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவனுடைய நிப்பிள் பத்துப் பதினைந்து நாளாக என் கடை மேஜைமேல்தான் இருந்திருக்கிறது. அவன் பெயர்தான் என்னிடம் இல்லை.

மாணிக்கம், "என்துல இருந்தது அவனுக்குப் போயிருக்கு, அவன்து எனக்கு வந்திருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆர்.டி.ஓ. என் மனு எங்கே என்று ரைட்டரைக் கேட்டார். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். தேதியைப் படித்தார். விபத்து நடந்த தேதியைப் பார்த்தார். அதற்குப் பிறகு ரைட்டரைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் மனது ஆறியது. ஆனால் அடுத்த கேள்வி என்னிடம் வந்தது.

"எல்லாம் சரிங்க. துப்பாக்கில நம்பர் இருக்கு. நீங்க செஞ்ச நிப்பிள்ல ஏன் நம்பர் இல்ல?"

பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நிப்பிளைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவதற்கு முன்னால் நம்பர் பஞ்ச் அடிக்க வேண்டும், சின்ன சாமான், வைஸ் பிடியில் நிற்காது, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் ஜாஸ்தி ஆகும். டிராயரில்தான் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். என் டிராயர் எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டேஷனில் பாட்டிலைக் கையில் வாங்கிய அந்த பம்ப்செட் மெக்கானிக் எது எதற்கு என்று கேட்டபோது, நான் செய்த சாமான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, காரணம் நான்.

என் லைசென்ஸ் தப்பியது. ரைட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். அவ்வளவுதான். மற்ற மூன்று பேரையும் அன்று மாலையே போலீஸ் ஜீப் போய்ப் பிடித்துத் துப்பாக்கியை என் கடைக்குக் கொண்டுவந்தது. ஜீப் போகக் கூடிய தூரத்தில்தான் அவர்கள் அவ்வளவு நாளும் இருந்தார்கள்.

5. நம்பர்

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் ராஜவேலுவின் லைசென்ஸ் ரெனியூவலுக்கு வந்தது. மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டில் ஒரு கண் இல்லை என்று டாக்டர் எழுதினார். துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியில்லை, ஒப்படைக்கவும் என்று ஆர்டர் வந்தது. எந்த ஸ்டேஷன் அவன் கண்ணை எடுத்ததோ, அந்த ஸ்டேஷனிலேயே. சட்டப்படி சரிதான் என்று எனக்கு வக்கீல் ஒருவர் விளக்கினார். அவரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒப்படைக்கும் முன்னால் ராஜவேலு துப்பாக்கியோடு என் கடைக்கு வந்தான். புதிதாக ஒரு நிப்பிள் செய்து போட வேண்டும் என்றான். எனக்குப் புரியவில்லை.

"போற சாமானுக்கு எதுக்கு ராஜா புது நிப்பிள்?"

"நாளைக்கு இத வேற யாருக்காவது குடுப்பாங்க இல்ல பாய். பழசுல மரை போயிருக்கு."

நான் லேத்தைப் போட்டேன். துப்பாக்கியின் மரையைச் சரி செய்து, ஒரு அளவு பெரிதாக வெட்டி, அதற்கு நிப்பிள் கடைந்தேன். வைஸில் ஷூ கம்பெனி வெட்டுத்தோல் துண்டைக் கொடுத்துப் பிடித்து, லென்ஸை மாட்டிக்கொண்டு துப்பாக்கி நம்பரின் நான்கு எண்களையும் பஞ்ச் அடித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஏழு நிமிஷம்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன்.

அவனோடு நானும் போனேன். அதே ரைட்டர், அதே மேஜை. துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிப்பிள் எங்கே என்று கேட்டார். ராஜவேலு கழற்றி வைத்திருந்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"நம்பர் இருக்கு சார். படிச்சு, ரெஜிஸ்டர்ல எழுதுங்க."

ரைட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எழுத்து சின்னது, சிரமமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். ராஜவேலு மிச்சம் இருந்த ஒற்றைக் கண்ணை ரெஜிஸ்டரின் மேல் பதித்து, அவர் நான்கையும் சரியாக எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்த பிறகு பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

அன்று கடைக்கு வந்து டிராயரிலிருந்த எல்லா டப்பாக்களையும் கவிழ்த்தேன். கெட்டிப்படுத்திய பழைய நிப்பிளில் பஞ்ச் இறங்காது, அதனால் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். கடையை ஒரேயடியாக மூடும்வரை நம்பர் இல்லாத நிப்பிள் ஒன்றுகூட என் கையை விட்டு வெளியே போகவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள், ஏழு நிமிஷம்தான் ஆகும்.